காயாத சட்டை

டெசிக்கேட் என்று ஆங்கிலத்தில் ஒரு வினைச்சொல் உண்டு. வெயிலில் காய்வதைவிடக் கொஞ்சம் கடுமையான சொல். உள்ளே ஒளிந்திருக்கும் கடைசி ஈரத்தையும் எடுத்துவிடுவது என்று பொருள். தேங்காய்த் துருவலுக்குச் சொல்வார்கள், நிலத்துக்கும் சொல்வார்கள், உயிரற்ற எழுத்துக்கும் சொல்வார்கள். கெடாமல் இருப்பதற்காகச் செய்வது. செய்தபின் பழைய பொருள் திரும்பி வராது. இந்தச் சொல்லைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு அங்கம்மாள் நினைவு வருகிறது.

கொச்சியில், மட்டாஞ்சேரியில் இஞ்சி உலர்த்தும் முற்றம் ஒன்றில் அவளுக்கு வேலை. வேலையில் பெரிய கெட்டிக்காரி என்று சொல்ல மாட்டேன். எழுபத்தெட்டில், அவள் புருஷன் தங்கையா போன சரக்கு வள்ளம் காயலில் கவிழ்ந்தது. உடல் கிடைக்கவில்லை. வள்ளத்துக் கயிற்றில் சிக்கிய சட்டை மட்டும் வந்தது.

அதைத் துவைக்காமல் இஞ்சியோடு வெயிலில் போட்டாள். பகலில் மொரமொரவென்று காய்ந்தது. வீட்டு ஆணியில் மாட்டினால் சாயங்காலம் மறுபடி ஈரம். ஒரு வருஷம் இப்படியே போனது.

"சாக்கு சாக்கா சுக்கு உணக்குறா, ஒரு சட்டை உணங்கலியே" என்று கூட வேலை செய்த மலையாளத்துக்காரி ஓமனா கேலி செய்தாள். பிறகு குரலைத் தாழ்த்தினாள். "எடீ, அது உப்பாணு. உப்பு காத்துலேந்து வெள்ளம் குடிக்கும். நல்ல தண்ணியில ஒண்ணு அலசு."

"அலசிட்டா அவரு எங்க இருப்பாரு சேச்சி?"

சொந்த ஊரான போடியிலிருந்து கொழுந்தன் செல்லதுரை வந்தான்.

"மதினி, வருஷம் ஆச்சு. கருமாதி பண்ணிருவோம். ஊர்ல கேக்குறாக."

"தொட்டுப் பாருங்க தம்பி. ஈரமா இருக்குல்ல? இன்னும் தண்ணியிலதான நிக்காரு. கரையேறாத ஆளுக்கு என்ன கருமாதி?"

செல்லதுரை தொட்டான். கையைச் சட்டென்று இழுத்துக்கொண்டான். "அண்ணன இன்னும் எத்தன நாளு தண்ணியிலயே நிக்கவைப்பீக மதினி?" என்றான்.

மறுநாள் காலை அவளே தெருக்குழாயில் சட்டையை அலசினாள். பிழிந்த தண்ணீர் சாக்கடையில் போவதைக் கடைசி வரை நின்று பார்த்தாளாம், ஓமனா சொன்னது. சாயங்காலம் ஆணியில் இருந்ததைத் தொட்டாள். காய்ந்திருந்தது. இருட்டியபின் தொட்டாள். அப்போதும்.

"கருமாதிய வைங்க தம்பி" என்றாள்.

சட்டையையும் காயலில் விட்டார்கள். எண்பத்தாறில் நான் அந்த வீட்டுக்குப் போயிருந்தபோது சாயா கொடுத்தாள். பேச்சுக்கு நடுவே எழுந்துபோய் வெறும் ஆணியைத் தொட்டாள். திரும்பி வந்து விரல்களை முந்தானையில் துடைத்துக்கொண்டாள்.