அண்ணனின் போட்டோவை நான்தான் கொடுத்தேன்

அண்ணனின் போட்டோவை அந்தக் கட்சிக்காரனுக்கு அனுப்பியது நான்தான். எங்கள் பக்கத்தில் யார் செத்தாலும் ஜங்ஷனில் ஆதராஞ்சலி என்று பிளெக்ஸ் வைப்பார்கள். கிளப் ஒன்று வைக்கும், ஆட்டோ ஸ்டாண்டில் ஒன்று வைப்பார்கள், கட்சிகள் ஆளுக்கொன்று வைக்கும். பட்டாளத்தில் இருந்த அண்ணன் பெட்டியில் வந்தபோது எங்கள் ஊர் குன்னத்துகால் முழுக்க அவன் முகம். இதுவும் அதற்குத்தான் என்று நினைத்து, கேட்ட உடனே வாட்ஸ்அப்பில் அனுப்பிவிட்டேன்.

அவன் எப்படிச் செத்தான் என்று எங்களுக்குத் தெரியும். பெட்டியோடு வந்த அவன் கூட்டாளி அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னான். மலைப்பாதையில் நல்ல மழை. முகாமுக்கு உருளைக்கிழங்கு மூட்டை ஏற்றிப் போன வண்டி. மேலே இருந்து மண் இடிந்து விழுந்தது. சுட்டவன் யாருமில்லை.

ஒரு மாதம் கழித்து பாறசாலையில் பெரிய கூட்டம். வடக்கே இருந்து ஒரு தலைவர் வந்தார். மேடைக்குப் பின்னால் தென்னை உயரத்துக்கு பிளெக்ஸ். ஒரு பக்கம் அவர், மறுபக்கம் என் அண்ணன். என்னையும் அம்மாவையும் முதல் வரிசையில் உட்கார வைத்திருந்தார்கள். இந்தியில் அவர் ஒரு வரி கத்துவார், பக்கத்தில் நின்றவர் மலையாளத்தில் அதை இன்னும் சத்தமாகக் கத்துவார். அதனால் ஒவ்வொரு பொய்யையும் இரண்டு தடவை கேட்டோம். எதிரியின் குண்டு இந்த மகனின் நெஞ்சில் பாய்ந்தது என்றார். அந்த எதிரி எல்லையில் மட்டும் இல்லை, உள்ளே வந்துவிட்டான், உங்கள் ஊரில் வாடகைக்கு இருக்கிறான், உங்கள் வீட்டுக்குத் தரை போடுகிறான் என்றார். எங்கள் சபையில் காணிக்கைப் பை எடுத்து வருகிற மனிதர் என் பின்னால் இருந்து விசிலடித்தார்.

நான் டைல்ஸ் வேலை செய்கிறவன். எட்டாம் வகுப்போடு படிப்பை நிறுத்தியதில் இருந்து அதுதான். என்கூட வேலை செய்கிற வங்காளத்துக்காரன் எங்கள் வீட்டுக்கு நாலு வீடு தள்ளி லைன் வீட்டில் இருக்கிறான். பாய் என்றுதான் கூப்பிடுவோம். அண்ணன் லீவில் வந்தால் அவனோடுதான் இந்தி பேசிச் சிரித்துக்கொண்டு கிடப்பான். நான் அனுப்பிய போட்டோவில் இரண்டு பேரும் தோளில் கை போட்டு நின்றார்கள். பாயை வெட்டிவிட்டு அண்ணனை மட்டும் பிளெக்ஸில் போட்டிருந்தார்கள். ஒழுங்காக வெட்டவில்லை. அண்ணனின் தோளில் நாலு விரல் மிச்சம் இருந்தது, நகத்தில் சிமென்ட்டோடு. அந்த விரல்களுக்கு முன்னால் நின்றுதான் அவர் அவ்வளவும் பேசினார்.

மறுநாள் லைன் வீட்டு உடமஸ்தன், ஞாயிற்றுக்கிழமைக்குள் ரூமைக் காலி செய்யும்படி பாயிடம் சொல்லிவிட்டான். வேறு எங்கே கேட்டாலும் ரூம் இல்லை என்றார்கள்.

"ஞான் என்ன செய்து?" என்று பாய் தனக்குத் தெரிந்த மலையாளத்தில் என்னிடம் கேட்டான்.

கட்சிக்காரனை நான் தேடிப் போகும் முன்பே அவன் எங்கள் வீட்டுக்கு வந்தான். நெய்யாற்றின்கரையில் சனிக்கிழமை அடுத்த கூட்டம். இந்தத் தடவை அம்மா மேடையிலேயே உட்கார வேண்டுமாம்.

"மாமி ஒண்ணும் பேசண்டாம். சும்மா இருந்தா போதும். தலைவர் பொன்னாடை போடுவாரு."

"அண்ணன் மண்ணிடிஞ்சு செத்தவனாக்கும்," என்றேன். "குண்டு எங்க இருந்து வந்து? நீரு கண்டீரா?"

"எலே, மண்ணிடிஞ்சு செத்தான்னு சொன்னா எவம்லே கை தட்டுவான்?"

அவன் சிரிக்கக்கூட இல்லை. எனக்குத் தொழில் சொல்லித் தருவது மாதிரி சொன்னான்.

அம்மா கேட்டாள்: "அந்தப் பாயி உங்களுக்கு என்ன செய்தான் மக்கா? அவனை எறக்கி விடுதாவளே."

"அதொக்க ஸ்டேஜில பறையுததாக்கும் மாமி. அவன் இஞ்ச கெடந்தா எனக்கென்ன? எனக்க வீட்டுக்கு டைல்ஸ் போட்டதே அவன்தான்."

"அப்பம் அவன் அங்கயே இருக்கட்டும்."

"மாமி ஸ்டேஜுக்கு வாறியளா?"

அம்மா என்னைப் பார்க்கவில்லை. "வாறேன்," என்றாள்.

அவன் முற்றத்தில் நின்றபடியே போனை எடுத்து உடமஸ்தனிடம் பேசினான். நாட்டுக்கு வந்த ஆபத்து இரண்டு நிமிடத்தில் தீர்ந்தது. செருப்பைப் போட்டுக்கொண்டு போனான்.

"போவண்டாம் அம்மை," என்றேன்.

"செத்தவனுக்கு இனி என்ன வரும் மக்கா? இவனுக்கு ஞாயிறாச்ச படுக்க இடம் வேண்டாமா?"

சனிக்கிழமை மேடையில் அம்மா பிளாஸ்டிக் நாற்காலியில் இருந்தாள். அதே குண்டு, அதே நெஞ்சு, அதே வாடகைக்காரன். தலைவர் குண்டு என்றபோது அம்மா தலையைக் குனிந்தாள். அழுகிறாள் என்று கேமராக்காரர்கள் ஓடிப் போனார்கள். அவள் அழவில்லை. வெட்கம் வந்தால் அவள் அப்படித்தான் குனிவாள். நான் கீழே கை தட்டாமல் நின்றேன். அதையே பெரிய காரியம் என்று அன்றைக்கு நினைத்துக்கொண்டேன். த்தூ.

திங்கட்கிழமை நான் வேலைக்குப் போனபோது பாய் சிமென்ட் குழைத்துக்கொண்டிருந்தான். உடமஸ்தன் நல்ல மனுஷன், மனசு மாறிவிட்டான் என்று சொன்னான். பிறகு கரண்டியை வாளியில் வைத்தான்.

"அம்மையை டிவியில கண்டு," என்றான். "அம்மைக்கு எனக்கு மேல கோவம் உண்டோ?"

"இல்ல பாய்," என்றேன். நடந்ததைச் சொன்னால் அவன் அந்த ரூமில் ஒரு நாள்கூட இருக்கமாட்டான். அதனால் அதற்கு மேல் சொல்லவில்லை.

அவன் தலையாட்டினான். மத்தியானம் சோறுண்ண எங்கள் வீட்டுக்குக் கூப்பிட்டேன். பசியில்லை என்று சொல்லிவிட்டு மணல் குவியலில் தனியாக உட்கார்ந்துகொண்டான்.