நாலாவது ஆணி

போன வாரம் தலவாக்கலை பஸ்ஸில் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்த பிள்ளை போனில் மாஜோங் விளையாடிக்கொண்டு வந்தது. மூங்கில், வட்டம், குருவி எல்லாம் சரியாகத்தான் இருந்தன. ஆனால் சத்தம் இல்லை. மாஜோங் என்றால் முதலில் சத்தம்தானே? எலும்புக் காய்களை மேசையில் கவிழ்த்து நாலு பேரும் கைபோட்டுப் புரட்டும்போது தகரக் கூரையில் ஆலங்கட்டி விழுகிற மாதிரி இருக்கும்.

எனக்கு அந்தச் சத்தம் பல்வலியோடு வந்தது. அப்போது நுவரெலியாவிலிருந்து மரக்கறி ஏற்றும் லொறியில் கிளீனர் வேலை. லிந்துலைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்து வரிசைவீட்டு லயத்தில் பிறந்து, அஞ்சாம் வகுப்பைப் பாதியில் விட்டு, ஹட்டனில் தோசைக்கல் துடைத்து, றொசல்லயில் விறகு பிளந்து, எங்கேயும் நிலைக்காத கால் எனக்கு. தோட்டத்து ஆள்பதிவில் என் பேரை வெட்டியாயிற்று. தோட்டத் தமிழரின் குடியுரிமையைப் பறித்த பிரஜாவுரிமைச் சட்டம் வந்த பிறகு நாட்டிலும் பேர் இல்லை. அதற்காக உட்கார்ந்து அழ முடியுமா? லொறியில் ஏற்றக் கோவா, கரட் மூட்டை காத்திருக்கும்.

தலவாக்கலைக் கடைவீதியில் பல் கட்டுகிற சீனர் ஒருவர் இருந்தார். ஊர் அவரை டாக்டர் என்றே கூப்பிடும். அவருடைய தமிழ் முழுவதும் வாயைத் திறந்து கிடந்த தோட்டத்து ஆட்களிடம் கற்றது. ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் என் கடைவாய்ப் பல்லைப் பிடுங்கி, பஞ்சை அடைத்துவிட்டு, "விளையாட வர்றீங்களா?" என்றார். "எங்க நாலாவது ஆளு பதுளைக்கு மாத்தலாயிட்டாரு. மூணு பேரா ஒக்காந்தா ஆட்டம் நொண்டுது."

வாய் நிறையப் பஞ்சு. நான் தலையை எப்படி ஆட்டினேனோ, அவர் சரி என்று எடுத்துக்கொண்டார்.

உள் அறையில் டாக்டரம்மாவும், ரயில்வேயில் சிக்னல் வேலை பார்த்த பியசேனவும் இருந்தார்கள். காய்களில் இருந்த சீன எழுத்து எனக்கு எங்கே தெரியும்? தமிழே அரைகுறை. நானாகப் பேர் வைத்துக்கொண்டேன்: கம்பியில் குத்தின வடை, வெள்ளைச் சுவர், வண்டிச் சக்கரம். பியசேனவும் அப்படியே கூப்பிட ஆரம்பித்தார். "மச்சாங், ஒங்க வடை போகுது, புடிங்க!"

நடுவில் தேத்தண்ணி வந்தது. சுவரில் மூன்று ஆணி. அவற்றில் தொங்கிய நீல மீன் போட்ட மூன்று பீங்கான் கோப்பைகளும் இறங்கி அவர்கள் மூவரிடம் போயின. எனக்கு மட்டும் குசினியிலிருந்து ஒரு தகரக் கோப்பை.

தோட்டத்துக் கடைகளில் லயத்து ஆட்களுக்கென்று ஒதுக்கின நசுங்கின குவளை ஒன்று இருக்கும். குடித்துவிட்டு நாமே கழுவிக் கவிழ்க்க வேண்டும். இவர்களும் கற்றுக்கொண்டார்கள் என்று நினைத்தேன். "வேணாங்க, வயிறு சரியில்ல" என்றேன்.

பிறகு ஏன் மறுபடி போனேன்? ஆட்டம் பிடித்துப்போயிற்று என்பது பாதி. இவர்கள் மேசையிலேயே இவர்களை ஒரு தடவை ஜெயித்துவிட்டு, எழுந்து, திரும்பிப் பார்க்காமல் நடக்க வேண்டும் என்பது மீதி. லொறி ஓடாத ஒவ்வொரு ஞாயிறும் போனேன். ஒவ்வொரு ஞாயிறும் தகரம் வந்தது. ஒவ்வொரு ஞாயிறும் எனக்கு வயிறு சரியில்லை. டாக்டர் கவலைப்பட்டு ஏதோ கறுப்பு உருண்டைகள் கொண்டுவந்து கொடுத்தார். வேப்பங்காயை விடக் கசப்பு. வீம்பை விட முடியாமல் அதையும் முழுங்கினேன்.

கடைசியில் ஒரு மழைநாள். எனக்கு வேண்டியது குருவிக் காய் ஒன்றே ஒன்று. என் கையில் ஒரு குருவி. இரண்டு மேசையில் செத்துக் கிடந்தன. மிச்சம் ஒன்று. காயை எடுத்து, பார்க்கும் முன்னாலேயே கட்டைவிரலால் தடவினேன். வால் தட்டுப்பட்டது.

மேசை அதிர வைத்தேன். "மாஜோங்!"

"அம்மோ!" என்று பியசேன தலையில் கைவைத்தார்.

ஒத்திகை பார்த்து வைத்திருந்தபடி நான் எழுந்தேன். அதற்குள் டாக்டரம்மா என் முன்னால் நின்றார். ஒரு கையில் சுத்தியலும் ஆணியும். மறு கையில் நீல மீன் கோப்பை.

"ஒங்க ஆணி. நீங்கதான் அடிக்கணும்."

நான் முழித்தேன். "ஒரு ஆட்டம் ஜெயிச்சாதான் கோப்பை" என்றார் டாக்டர். "அதுவரைக்கும் யாரா இருந்தாலும் தகரந்தான். பியசேன மூணு மாசம் அதுலதான் குடிச்சாரு."

"நாலு மாசம். ஒதடு வெந்துபோச்சு மச்சாங். ஒங்களுக்குத்தான் வயிறு, தப்பிச்சிட்டீங்க."

டாக்டர் என்னைப் பார்த்தார். "வயிறு இப்ப எப்பிடி?"

"சரியாப் போச்சுங்க."

"மருந்து வேலை செய்யுது" என்று மனைவியிடம் பெருமையாகச் சொன்னார்.

ஆணியைக் கோணலாகத்தான் அடித்தேன். அந்த அறையில் பியசேன ஒருவருக்குத்தான் பிரஜாவுரிமை. டாக்டருக்கும் இல்லை, டாக்டரம்மாவுக்கும் இல்லை, எனக்கும் இல்லை. ஆனால் சுவரில் நாலு ஆணி இருந்தது. அன்றைக்குக் கடைவீதியில் மழையில் நனைந்துகொண்டு பெரிய தொரை மாதிரி நடந்தேன். இரண்டு கோப்பை தேத்தண்ணி உள்ளே இருந்தது.

சில வருஷத்தில் டாக்டர் குடும்பம் கப்பல் ஏறியது. பியசேன பென்ஷன் வாங்கி ஊருக்குப் போனார், பிறகு கடிதமும் நின்றது. கடை இருந்த இடத்தில் இப்போது மாடிக் கட்டடம். அந்தச் சுவரே இல்லை. கோப்பை மட்டும் என்னோடு அலைகிறது. எந்த ஊருக்குக் குடிபோனாலும் முதல் வேலையாக அதற்கு ஓர் ஆணி அடிக்கிறேன். பக்கத்தில் இன்னும் மூன்றுக்கு இடம் விட்டுத்தான்.