ஆறட்டும் அக்கா

காரின் பானட்டில் புறங்கையை வைக்கிறார். உள்ளங்கையை அல்ல. உள்ளங்கை வேலை செய்து காய்த்துப் போனது, எதைத் தொட்டாலும் இதமாகத்தான் இருக்கிறது என்று பொய் சொல்லும் என்பது அவர் கட்சி. வைத்த கையை எடுக்காமல் விற்கிறவரின் முகத்தைப் பார்க்கிறார்.

"சூடா இருக்கே?"

"இப்பதாங்க, சும்மா ஒரு ரவுண்டு போய்ட்டு..."

"ஆறட்டும்."

அதற்குமேல் பேச்சு கிடையாது. நிழல் பார்த்து உட்கார்ந்து, கைப்பையிலிருந்து வார இதழை உருவி, குறுக்கெழுத்துப் போட ஆரம்பித்துவிடுவார். விற்கிறவர் கடிகாரத்தைப் பார்ப்பார், வாங்க வந்தவர் இவரைப் பார்ப்பார், இவர் யாரையும் பார்க்கமாட்டார். பழைய கார் வியாபாரத்தில் இருப்பவர்கள் அவருக்கு 'ஆறட்டும் அக்கா' என்று பெயர் வைத்தது இப்படித்தான். பாசத்தில் வைத்த பெயர் என்று சொல்வதற்கில்லை.

அக்காவின் தொழில், பழைய ஹைபிரிட் கார் வாங்குகிறவர்களுக்காக அந்தக் காரைச் சோதித்துச் சொல்வது. பெட்ரோல் இன்ஜின் ஒன்று, மின்சார மோட்டார் ஒன்று, பின்சீட்டுக்கு அடியில் பெட்டி பெட்டியாக ஒரு பெரிய பேட்டரி, எல்லாம் ஒரே வண்டிக்குள் குடித்தனம் நடத்தும் ஏற்பாடு அது. கம்பெனிக்காரர்கள் இதைப் படம் போட்டு விளக்குவார்கள். அக்கா விளக்குவது வேறு மாதிரி. "ஒரே வீட்டுல ரெண்டு ஓரகத்திங்க. ஒருத்திக்கு முடியலன்னா இன்னொருத்தி சேத்து வேலை செஞ்சு சமாளிச்சுடுவா. வெளியில இருந்து பாக்கறவங்களுக்கு, ஆஹா என்ன குடும்பம்னு தோணும். உள்ள ஒருத்தி எப்பவோ படுத்துட்டா."

இதற்கு முன் அவர் மருத்துவமனையில் ஈ.சி.ஜி. எடுத்துக்கொண்டிருந்தவர். அந்த வேலையை விட்டாலும் அந்தப் பழக்கம் விடவில்லை. ஆட்களிடம் எப்படிப் பேசினாரோ அப்படியே கார்களிடமும் பேசுகிறார். அதாவது, மரியாதையாக, ஆனால் ஒரு வார்த்தையையும் நம்பாமல்.

சூடான இன்ஜின் நல்லபிள்ளை வேஷம் போடும். இரவெல்லாம் குளிர்ந்து கிடந்ததை எழுப்பினால்தான் சுபாவம் தெரியும். நடுங்கிக்கொண்டே எழுந்தால் உள்ளே தண்ணீர் கசிகிறது என்று பொருள். சுகமாக எழுந்தால் அக்கா தலையை மட்டும் ஆட்டுவார். பாராட்டு அவரிடம் அவ்வளவு சுலபத்தில் கிடைக்காது.

அடுத்து, எல்லாரும் ஸ்டீயரிங் பக்கம் போகும்போது, அவர் பின்சீட்டுக்குப் போவார். சீட்டின் ஓரத்தில் சல்லடை போட்ட ஒரு சின்ன ஜன்னல் இருக்கும். பேட்டரி மூச்சு விடுவது அந்த வழியாகத்தான். அது அடைத்துக்கொண்டால் பேட்டரி வெந்து, வயதுக்கு முன்னால் கிழடாகிவிடும். வாங்குகிறவர்களில் பாதிப் பேருக்கு அப்படி ஒரு ஜன்னல் இருப்பதே தெரியாது. கார் வைத்திருப்பவர்களில் முக்கால்வாசிப் பேர் அதன்மேல் துணிமணியைப் போட்டு வைத்திருப்பார்கள். அக்கா சல்லடையைக் கழற்றி, இரண்டு விரலை உள்ளே விடுவார்.

"நாய் வளத்தீங்களா?"

"நாயா? எங்க வீட்டுலயா? இல்லவே இல்லைங்க."

விரல் வெளியே வரும்போது ஒரு கொத்து வெள்ளை முடியோடு வரும்.

"அப்ப பூனை."

பிறகு டிக்கியில் தரைவிரிப்பைத் தூக்கி, தலையை உள்ளே விட்டு முகர்வார். ஈர வாடை பேட்டரிக்கு ஆகாது. அங்கே ஊதுவத்தி போல மணக்கும் அட்டை ஏதாவது தொங்கினால் அக்காவுக்குக் கண் பிரகாசமாகிவிடும். "இவ்வளவு வாசனை எந்த நாத்தத்துக்கு?" என்று கேட்டுவிட்டு இன்னும் ஆழமாக முகர்வார். கடைசியாக ஸ்டீயரிங்குக்குக் கீழே ஒரு சின்னக் கருவியைச் சொருகி, வண்டியின் ஞாபகத்தைப் படிப்பார். பழுது ஏதும் பதிவாகவில்லை என்றால் நாம் சந்தோஷப்படுவோம். அவர் படமாட்டார். பழுது இல்லாததும், பழுதை நேற்று அழித்ததும் ஒன்றல்ல என்பதை அந்தக் கருவி காட்டிக்கொடுத்துவிடும். "இத்தனை வருஷம் ஓடின வண்டி, இன்னிக்குத்தான் பொறந்த மாதிரி ஒண்ணுமே தெரியாதுங்குது. யாரோ மந்திரிச்சிருக்காங்க."

இத்தனை சந்தேகமும் காரோடு சரி. வீட்டுக்குப் போனால், டி.வி. விளம்பரத்தில் வரும் எந்தத் துடைப்பத்தையும் நம்பி வாங்கிவிடுவார். முட்டியை இளமையாக்கும் களிம்பு, தானே மடியும் துணி, வெங்காயத்தை அழாமல் நறுக்கும் பெட்டி எல்லாம் அலமாரி நிறைய இருக்கின்றன. குறுக்கெழுத்தில் சொல் பொருந்தவில்லை என்றால் நடுவில் ஓர் எழுத்தைத் தூக்கிவிட்டுப் பொருத்திவிடுவார். இன்னொன்று, அக்காவுக்குக் கார் ஓட்டத் தெரியாது. பயம். சோதனைக்குப் போவதும் வருவதும் பஸ்ஸில், கம்பியை இரண்டு கையாலும் பிடித்தபடி.

எல்லாவற்றையும்விடப் பெரிய முரண் அவர் கல்யாணம். அக்காவின் கணவர் பழைய கார் விற்கிறவர். 'பாலிஷ் அண்ணன்' என்பது அவர் பெயர். பம்பர் இல்லாத காரைக் கொடுத்தாலும், பம்பர் இல்லாத இடத்தையே பளபளப்பாக்கிவிடுவார் என்பார்கள். காலையில் ஒரே மேஜையில் காப்பி குடித்துவிட்டு, ஒருவர் விற்கவும் ஒருவர் குறை கண்டுபிடிக்கவும் கிளம்புவார்கள். அவர் கடைப்பக்கம் இவர் போவதில்லை, இவர் வேலையைப் பற்றி அவர் கேட்பதில்லை. யாரும் பேசி முடிவு செய்யாத இந்த ஒப்பந்தத்தில்தான் அந்த வீடு நிம்மதியாக ஓடிக்கொண்டிருந்தது.

அதை உடைத்தவர் ஒரு நர்ஸ். வீடு வீடாகப் போய்ப் படுக்கையில் கிடப்பவர்களுக்கு ஊசி போட்டு, புண் கட்டிவிட்டு வருகிறவர். அவருடைய கார் செத்துவிட்டது. பஸ்ஸில் போய்த் தாமதமானதால் இரண்டு வீடுகள் வேறு ஆளை வைத்துக்கொண்டுவிட்டன. இன்னும் ஒரு வீடு போனால் பிழைப்பே போய்விடும். ஒரு நீலநிற ஹைபிரிட்டைப் பார்த்து வைத்திருந்தார். கடையின் பெயரைச் சொன்னதும் அக்கா பேனாவை மூடினார்.

"அது எங்க வீட்டுக்காரர் கடைம்மா. வேற யாரையாவது கூட்டிட்டுப் போயேன்."

"விசாரிச்சுட்டேன்க்கா. ஹைபிரிட்டுக்கு நீங்கதான்னு எல்லாரும் சொல்றாங்க." நர்ஸ் கொஞ்சம் தயங்கினார். "நீங்க அவர் பக்கம் பேசுவீங்களா?"

அக்கா யோசித்தார். "தெரியலயே. இதுவரைக்கும் சந்தர்ப்பம் வந்ததில்ல. வா, பாப்போம்."

மறுநாள் காலையில் அவர்கள் போய் இறங்கியபோது, நர்ஸ் முன்னாலேயே போனில் சொல்லியிருந்ததால், பாலிஷ் அண்ணன் வாசலிலேயே நின்றிருந்தார். புதுச் சட்டை. நீலக் கார் கண்ணாடியாக மின்னியது. அக்கா போன வேகத்தில் பானட்டில் புறங்கையை வைத்தார்.

"சூடா இருக்கே?"

"நீ வேர்த்து விறுவிறுத்து வருவியேன்னு ஏசி போட்டு வச்சேன்மா."

"எனக்காகவா, இன்ஜினுக்காகவா?"

"அட, பொண்டாட்டிக்கு ஏசி போட்டது ஒரு குத்தமா?"

"ஆறட்டும்."

ஆறும்வரை மூவரும் பிளாஸ்டிக் நாற்காலிகளில் உட்கார்ந்திருந்தார்கள். கேஸ் சிலிண்டருக்குச் சொல்லியாச்சா, சின்னவளுக்கு போன் பண்ணீங்களா, மாத்திரை போட்டீங்களா என்று அக்கா குறுக்கெழுத்திலிருந்து நிமிராமலே கேட்டார். அண்ணன் எல்லாவற்றுக்கும் 'ஆச்சு, ஆச்சு' என்றார். நடுவில் நர்ஸ் பக்கம் சாய்ந்து, "இந்தக் கட்டத்துக்கு 'பொறாமை' வருமான்னு பாரும்மா" என்றார் அக்கா. வரவில்லை. இருந்தும் எழுதினார்.

வண்டி குளிர்ந்து எழுந்தது. நடுக்கமில்லை. சல்லடை சுத்தமாக இருந்தது. தரைவிரிப்பு காய்ந்திருந்தது. ஞாபகத்தை யாரும் அழிக்கவில்லை. அண்ணனின் நெஞ்சு ஒவ்வொன்றுக்கும் கொஞ்சம் நிமிர்ந்தது. அவர் ஏமாற்றவில்லை என்பதை இங்கே சொல்லிவிட வேண்டும். ஹைபிரிட் அவருக்குப் புதிது, இதுதான் முதல் வண்டி. மாதக்கணக்கில் விலை போகாமல் நின்று அவர் தூக்கத்தைத் தின்றுகொண்டிருந்தது. இன்றைக்குப் போய்விடும் என்று நம்பினார். நர்ஸும் நம்பினார். சாவியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அந்த மேட்டுல ஏத்துங்க" என்றார் அக்கா. கடையின் பின்பக்கம், மேல்தளத்துக்குப் போகும் சாய்வுப் பாதை. "ரிவர்ஸ்ல."

"ரிவர்ஸ்லயா? யாரு மேட்டுல ரிவர்ஸ்ல போவாங்க?"

"யாரும் போகமாட்டாங்க. அதான்."

இந்த மாதிரி வண்டி பின்னால் போகும்போது இன்ஜின் உதவிக்கு வராது. தள்ளுவது மோட்டார் மட்டும், அதற்குத் தெம்பு தருவது பேட்டரி மட்டும். ஓரகத்தி இல்லாமல் ஒருத்தி தனியாகப் பானையைத் தூக்கியாக வேண்டிய இடம் அது. மருத்துவமனையில் நெஞ்சுவலிக்காரர்களை ஓடும் பட்டையில் ஏற்றி நடக்கவிடுவார்களே, அதுதான். படுத்திருக்கும்போது எல்லா நெஞ்சும் நன்றாகத்தான் துடிக்கும்.

அண்ணன் ஓட்டினார். அக்கா பின்சீட்டில், சல்லடையில் காது வைத்தபடி. நீலக் கார் சத்தமில்லாமல், முதுகு காட்டி, மேட்டின் உச்சிக்கு ஏறிவிட்டது. பார்க்கவே அழகாக இருந்தது. நர்ஸ் கைதட்டிவிட்டார். அண்ணன் கண்ணாடியை இறக்கி, வெற்றியோடு தலையை வெளியே நீட்டினார்.

"இன்னொரு தடவை" என்றது பின்சீட்டு.

ஏறியது.

"இன்னொரு தடவை."

மூன்றாவது முறை பாதி வழியில், ஸ்டீயரிங்குக்கு முன்னால் இருந்த திரையில் பேட்டரியின் அளவைக் காட்டும் கோடுகள் ஒன்றன்பின் ஒன்றாக அவிந்தன. இன்ஜின் தானே விழித்து அலறியது. அலறியதே தவிர வண்டி ஓர் அங்குலம் அசையவில்லை. சரிவின் நடுவில், பளபளத்துக்கொண்டு, அப்படியே நின்றது. அந்த மேட்டில் ஒரு பெண்மணி காதை மட்டும் வைத்து, பல ஆயிரம் மைல் ஓடிய ஓர் இயந்திரத்தின் களைப்பை வெளியே வரவழைத்துவிட்டார்.

"நான் ஓட்டிப் பாத்தேனே" என்றார் அண்ணன். குரல் இறங்கியிருந்தது. "நல்லாத்தானே போச்சு?"

"முன்னால போச்சுங்க."

அக்கா இறங்கி வந்தார். நர்ஸின் முகத்தையும் பார்த்தார், கணவரின் முகத்தையும் பார்த்தார். இரண்டுமே பார்க்கும்படி இல்லை.

"வேண்டாம்மா."

"ஒரு வருஷமாவது ஓடாதாக்கா? எனக்கு ஒரு வருஷம் போதும்."

"ஓடலாம். ஊசி போடப் போற வழியிலயும் நிக்கலாம். எது நடக்கும்னு இந்த வண்டிக்கே தெரியாது."

"அப்ப நாளைக்கும் பஸ்ஸுதான்."

"நாளைக்கும் பஸ்ஸுதான்" என்றார் அக்கா. அதைச் சமாதானமாக மாற்றிச் சொல்ல அவர் முயலவில்லை.

நர்ஸ் அண்ணனிடம் போய், "பேட்டரி மாத்தினா சொல்லுங்க சார். அக்கா வந்து பாத்துச் சரின்னா, நானே எடுத்துக்கறேன்" என்று சொல்லிவிட்டு, ஊசிப் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு பஸ் நிறுத்தத்தைப் பார்த்து வேகமாக நடந்தார்.

அண்ணன் காரைச் சரிவிலிருந்து இறக்கி நிறுத்தினார். முன்கண்ணாடியில் ஒட்டியிருந்த விலைச்சீட்டை நகத்தால் சுரண்டி எடுத்தார். பிறகு பிளாஸ்டிக் நாற்காலியில், மனைவிக்கு முதுகு காட்டி, உட்கார்ந்துகொண்டார். காது மடல் சிவந்திருந்தது.

அக்கா மெதுவாக அவர் பின்னால் போய் நின்று, கழுத்துக்கும் கன்னத்துக்கும் நடுவில் புறங்கையை வைத்துப் பார்த்தார். எடுக்கவில்லை, கொஞ்ச நேரம் வைத்திருந்தார். அப்புறம் இன்னொரு நாற்காலியை இழுத்துப் பக்கத்தில் போட்டு உட்கார்ந்து, குறுக்கெழுத்தை விரித்தார்.