ரூபேந்திரன் வீட்டு வைஃபை

என் வீட்டுக்காரர் ரூபேந்திரனுக்கு 'முடியாது' என்ற சொல் வாயில் வராது. கெலாங் பாத்தாவில், எங்கள் தாமான் குடியிருப்பில், இதை அறியாத ஆளே கிடையாது. யாராவது ஏணி இரவல் கேட்டால் ஏணியோடு தானும் போய்விடுவார். துறைமுகத்தில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறவர், விடுமுறை நாளில் ஊரார் வீட்டு அலமாரியைத் தூக்கிக்கொண்டிருப்பார். நல்ல மனுஷன்தான், யார் இல்லையென்றது? நல்ல மனுஷனோடு குடித்தனம் நடத்திப் பாருங்கள், தெரியும்.

ஒரு தீபாவளிக்கு எங்கள் திறந்த இல்ல உபசரிப்புக்கு வந்தவர்கள், முறுக்கைக் கையில் எடுக்கும் முன்பே வைஃபை பாஸ்வேர்ட் கேட்டார்கள். ஒவ்வொருவருக்கும் சொல்லி அலுத்துப்போய், மனுஷன் அதை ஓர் அட்டையில் கொட்டை எழுத்தில் எழுதி கேட்டில் மாட்டினார். பண்டிகை முடிந்து மாதங்கள் ஆகியும் அதைக் கழற்ற மனம் வரவில்லை. "யாராச்சும் லேட்டா வருவாங்க லா," என்றார்.

நான் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. நான் இருட்டில் எழுந்து, தொழிற்சாலை பஸ் பிடித்து, பாலம் தாண்டி சிங்கப்பூரில் வேலை செய்து, மறுபடியும் இருட்டில் வீடு திரும்புகிறவள். பஸ்ஸில் நின்றபடியே தூங்கப் பழகியவளுக்கு வைஃபை ஓடினால் என்ன, படுத்தால் என்ன?

அப்போதுதான் அந்த வேலை வந்தது. எங்கள் வீட்டுக்கும் லைன் கொடுக்கும் இணையச் சேவை நிறுவனத்துக்கு வாடிக்கையாளர்கள் சொல்லும் புகார்களைத் தமிழிலும் மலாயிலும் கேட்க வேண்டும். வீட்டில் இருந்தபடியே! நேர்காணலில் தேறிவிட்டேன். ஒரே நிபந்தனை, வீட்டு இணைய வேகத்தைச் சோதிப்பார்கள். அதில் தவறினால் மறுபடியும் பாலம்தான்.

முதல் சோதனையில் தவறினேன். சோதனைப் பக்கமே திறக்கவில்லை. நிறுவனத்து அதிகாரி ஜேடன், "ஆன்ட்டி, வர்ற வெள்ளிக்கிழமை இன்னொரு சான்ஸ். அதோட சரி," என்றார்.

ரூபேந்திரன் களத்தில் இறங்கினார். மோடத்தைக் குளிர்சாதனப் பெட்டி மேல் வைத்துப் பார்த்தார். சாமி மேடையில் முருகனுக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். கடைசியில் ராஃபியா கயிற்றில் கட்டி, ஹாலில் காற்றாடிக்குக் கீழே தொங்கவிட்டார். காற்றாடி சுற்றினால் சிக்னல் வீடு முழுக்கப் பரவுமாம். மோடம் ஊஞ்சலாடியது, இணையம் அசையவே இல்லை.

லைன் பழுதுபார்க்கும் வசந்தனைக் கூப்பிட்டேன். வந்ததும் முதல் வேலையாகத் தொங்கும் மோடத்தை அவிழ்த்துக் கீழே இறக்கினார்.

"அண்ணே, லைன் நல்லாத்தான் இருக்கு. மோடத்தை நடுவீட்டுல ஒரு மேசை மேல வைங்க, போதும். ஆனா இதுல நாப்பதுக்கு மேல கனெக்ட் ஆயிருக்கு, தெரியுமா?"

பக்கத்து வீட்டுச் சந்திரமதியின் துணி துவைக்கும் இயந்திரம் எங்கள் வைஃபையில். மூலை மளிகைக் கடைக் கேமரா எங்கள் வைஃபையில். எதிர்வீட்டு ஸ்டானிஸ்லாஸ் வெளியூர் போனால் பூனைக்குத் தீனி போடும் பெட்டிகூட எங்கள் வைஃபையில்தான்!

"பாஸ்வேர்டை மாத்திடுங்கண்ணே," என்றார் வசந்தன்.

"எப்படி லா மாத்துறது? வாங்க வாங்கன்னு கூப்பிட்டுட்டு, பாதிச் சாப்பாட்டுல தட்டைப் பிடுங்கச் சொல்றீங்களா? அந்தப் பூனை என்ன பாவம் பண்ணுச்சு?"

"அப்ப நான் பாலத்துலயே கிடந்து சாகவா?" என்றேன். எனக்கு அழுகையே வந்துவிட்டது.

ரூபேந்திரன் சட்டையை மாட்டிக்கொண்டு வீடு வீடாகப் போனார். என்ன சொன்னாரோ தெரியாது. வெள்ளிக்கிழமை காலை, தெருவே எங்கள் கேட் முன்னால் வந்து நின்றது. எல்லாருடைய கைப்பேசியும் அணைக்கப்பட்டிருந்தது. மளிகைக்கடைக்காரர் கேமராவைக் கழற்றி மடியில் வைத்திருந்தார். ஸ்டானிஸ்லாஸ் தீனிப் பெட்டியை அணைக்கத் தெரியாமல், பெட்டியையும் பூனையையும் சேர்த்தே தூக்கி வந்திருந்தார். சந்திரமதி கையில் ஈரத்துணி சொட்டியது.

உள்ளே வேகம் விர்ரென்று ஏறியது. "அலமாக், ஆன்ட்டி! ஒரே வாரத்துல என்ன பண்ணீங்க? பாஸ்!" என்றார் வீடியோ அழைப்பில் ஜேடன். வெளியே கைதட்டல். அடுத்த மூச்சில் எல்லாரும் கைப்பேசியைத் திறந்தார்கள், ஜேடன் வாயைப் பிளந்தபடி திரையில் உறைந்துபோனார்.

"சரிங்க, திங்கட்கிழமை வேலை ஆரம்பம். தினமும் தெரு வந்து வெளிய நிக்குமா?" என்று வீட்டுக்காரரிடம் கேட்டேன்.

"கேட்டுப் பாக்கட்டுமா?" என்றார்.

இந்த மனுஷனை என்ன செய்ய? திங்கட்கிழமை காலை நானே பாஸ்வேர்டை மாற்றினேன். யாரிடமும் சொல்லவில்லை, அவரிடமும்தான். அன்று அவருக்கு இரவு ஷிஃப்ட், வீட்டில்தான் இருந்தார். அறைக்குள் போய்க் கதவைச் சாத்தி, ஹெட்செட்டை மாட்டினேன். முதல் அழைப்பு வந்தது.

"வணக்கம் சார், நான் உங்களுக்கு எப்படி உதவலாம்?"

"வணக்கம்மா. என் பேரு ரூபேந்திரன். கெலாங் பாத்தா."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அழைப்பெல்லாம் பதிவாகும், திட்டவும் முடியாது. அவருக்கு என்னை அடையாளம் தெரியவில்லை. பாவம், கல்யாணமான நாளிலிருந்து நான் அவரிடம் இத்தனை பதவிசாகப் பேசியிருந்தால்தானே?

"லைன் வேலை செய்யலையா சார்?"

"நல்லா செய்யுதும்மா. என் வீட்டுக்காரி பாஸ்வேர்டை மாத்திட்டா. புதுசு என்னன்னு எனக்கே தெரியாது, கேக்கவும் மாட்டேன். தெரிஞ்சா யாராச்சும் கேப்பாங்க, நான் குடுத்துடுவேன். அவ பாலத்துல பட்டது போதும்மா. அவ லைனை இனிமே ஒருத்தரும் தொடக்கூடாது. அதான், தெருக்காரங்களுக்குன்னு தனியா ஒரு லைன் போட்டுக் குடுங்க. நான் ஓவர்டைம் பாத்துக் கட்டிடுறேன். அவளுக்கு மட்டும் தெரிய வேண்டாம்."

மைக்கை அணைத்துவிட்டு மூக்கைச் சிந்தினேன்.

"ஹலோ? இருக்கீங்களாம்மா?"

"இருக்கேன் சார். ஒரே வீட்டுக்கு ரெண்டு லைன் குடுக்க மாட்டோம் சார்." வேலைக்குச் சேர்ந்த முதல் நாளே பச்சைப் பொய்.

"அப்படியா? சரி, வெச்சுடாதீங்க, வேற வழி இருக்கான்னு கேக்கணும். அவளுக்குத் தேத்தண்ணி ஆறுது, குடுத்துட்டு வந்துடுறேன்."

கதவு தட்டும் சத்தம் ஹெட்செட்டிலும் கேட்டது, கதவிலும் கேட்டது.

"உள்ள வாங்க சார்," என்றேன்.

கோப்பையோடு உள்ளே வந்தவர், முதலில் என் குரல் வந்த கைப்பேசியைத்தான் பார்த்தார், பிறகு என் ஹெட்செட்டை.