சாந்தமானவர்களுக்கான வெனிலா

ஈப்போ கடையில் சென்ட் விற்ற பெண், "இது வெனிலா அக்கா. சாந்தமா இருக்கிறவங்களுக்குத்தான் பொருந்தும் லா" என்றாள். என் வாய்க்கு வீடே பயப்படும். அதற்காகவே ஆசையாக வாங்கினேன்.

மறுநாள் காலை கழுத்தில் தாராளமாக அடித்துக்கொண்டு மோட்டார் சைக்கிளில் வேலைக்குக் கிளம்பினேன். சுங்கை சிப்புட்டில் ஒரு லோரி என்னை உரசுவதுபோலக் குறுக்கே வெட்டியது. சிவப்பு விளக்கில் அதைப் பிடித்துவிட்டேன். வண்டியை நிறுத்திவிட்டுப் போய்க் கதவைத் தட்டினேன். ஓட்டுநர் கண்ணாடியை இறக்கியதும் மூச்சு விடாமல் திட்டினேன்.

எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டவர் மெதுவாக, "அக்கா, உங்க மேல கேக் வாசம் வருது லா" என்றார்.

வெனிலா எனக்கும் பொருந்திவிட்டதே என்று மனம் பூரித்துவிட்டது. நன்றாக மணக்கட்டும் என்று லோரிப் படியில் ஏறி நின்று மிச்சத்தையும் திட்டி முடித்தேன்.