காரம் என்று அப்பா சொன்ன குடைமிளகாய்

எங்கள் அப்பா ரிக் வண்டியோடு ஆழ்துளைக் கிணறு போடப் போய், வருடத்தில் பத்து மாதம் வடக்கே கிடந்தவர். வீட்டுக்கு வந்தால் குழம்பு இல்லாமல்கூட உண்டுவிடுவார், பச்சைமிளகாய் இல்லாமல் உண்ணமாட்டார். கடித்துவிட்டு, "ஸ்ஸா, காரம்னா இதுதான் காரம்" என்பார். எங்கள் திருச்செங்கோட்டுப் பக்கம் ஒரு மிளகாய்க்கு அதைவிடப் பெரிய பாராட்டு கிடையாது.

நான் நாலாவது படிக்கும்போது, தொண்டையில் கட்டி என்று வேலையை விட்டு வந்துவிட்டார். ஈரோட்டு ஆஸ்பத்திரியில் கரண்டு, அதாவது கதிர்வீச்சு, வைத்தார்கள். "காரம் ஆகவே ஆகாதுன்னுட்டாருங்க டாக்டரு" என்று அம்மா வருகிறவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தாள். எனக்குப் புரிந்தது அது ஒன்றுதான்: காரம் பட்டால் அப்பா செத்துப்போவார். தயிர்ச்சோற்றை நாலு வாய் உண்டுவிட்டுத் தட்டைத் தள்ளுவார். ஆள் பாதியாகிவிட்டார்.

அம்மாவின் அண்ணன், என் மாமா, ஓசூரிலிருந்து காய்கறி ஏற்றிவரும் வண்டி ஓட்டினார். ஒருநாள் மூன்று நாற்றுகளோடு வந்தார்.

"குடைமிளகா சாமி. பேருதான் மிளகா, காரம் துளி இருக்காது. உங்கப்பனுக்கு வளத்திக் குடு."

பழைய பெயிண்ட் வாளியில் நட்டேன். இரண்டு நாற்று ஒரே வாரத்தில் போய்ச் சேர்ந்தன. மூன்றாவது பூத்தது, மாசி வெயிலுக்குப் பூவெல்லாம் கொட்டிப்போனது. "குளுருக்கு வர்ற செடியுங்க, நம்மூர்ல எங்கீங்க காய்க்கும்" என்று அம்மாவிடம் சொன்னாள் பக்கத்து வீட்டு அக்கா. எனக்கு ரோஷம் வந்துவிட்டது. அம்மாவின் சேலையைக் குச்சி நட்டுக் கட்டி நிழல் போட்டேன். சேலை நல்ல சேலை என்று பிறகுதான் தெரிந்தது; இரண்டு அடி வாங்கினேன். ஆனால் மூன்று பூ நின்றது.

முதல் காய் என் உள்ளங்கை அளவு வந்ததும் பறித்துக் கொடுத்தேன். அம்மா பொடியாக அரிந்து நெய்யில் குழைய வதக்கி, அப்பாவின் தட்டோரம் வைத்தாள். அப்பா ஒரு துண்டை வாயில் போட்டார். மெதுவாக மென்றார். என்னைப் பார்த்தார். கண்ணில் தண்ணீர் கட்டியது.

"ஸ்ஸா, காரம்னா இதுதான் காரம் சாமி."

மாமா நாற்றை மாற்றிக் கொண்டுவந்துவிட்டார் என்றே நினைத்தேன். அப்பா உண்டு முடிக்கும்வரைகூட நிற்கவில்லை. கொல்லைக்கு ஓடி, செடியைக் காயோடு வேரோடு பிடுங்கிச் சாக்கடையில் வீசிவிட்டு, கையைச் சோப்புப் போட்டுக் கழுவினேன்.

மறுநாள் காலையில் அப்பா சுவரைப் பிடித்துக்கொண்டே கொல்லைக்கு வந்தார். வெறும் வாளியைப் பார்த்தார்.

"செடி எங்க சாமி?"

"காரம்னு சொன்னீங்கல்ல, அதான் புடுங்கிப் போட்டுட்டனுங்கப்பா."

குனிந்து வாளி மண்ணை விரலால் கிளறிப் பார்த்தார். பிறகு, "நல்லதுதான் பண்ணீருக்கற" என்று என் தலையைத் தடவினார். எனக்குப் பெருமை தாங்கவில்லை.

சித்திரையில் அப்பா போய்விட்டார். அந்த ஒரு காயை ஊட்டி நான்தான் கொன்றேன் என்று பதினைந்து வருடம் யாரிடமும் சொல்லாமல் வைத்திருந்தேன்.

போன மாதம் சூரமங்கலத்தில் என் வீட்டுக்கு அம்மா வந்திருந்தாள். குடைமிளகாய் அரிந்துகொண்டிருந்தவள் நான்; எப்படியோ அதை வாய்விட்டுச் சொல்லிவிட்டேன். அம்மா என்னை வெறித்துப் பார்த்தாள்.

"இதுல ஏது கண்ணு காரம்? கரண்டு வெச்சதுல உங்கப்பனுக்கு நாக்கே செத்துப்போயிருந்துச்சு. உப்புக்கும் சக்கரைக்கும் வித்தியாசம் தெரியாது. நீ வளத்துனதுன்னு அன்னிக்குத் தட்டை வழிச்சு உண்டாரு. இன்னொரு கரண்டி சோறு கேட்டு வாங்குனாரு."

நான் கத்தியைக் கீழே வைத்துவிட்டேன்.

"அடுத்த நாளு அவரு கட்டில உட்டு எந்திரிச்சதே, பாப்பா வெச்ச செடியில காய் இருக்குதான்னு பாத்துட்டு வாரேன்னுதான்" என்றாள் அம்மா.