புது கேஸ்கெட்

வீட்டு வாசலில் என் காரைப் பிரித்த மெக்கானிக், கருகிப்போன எக்ஸாஸ்ட் கேஸ்கெட்டை, புகை கசியாமல் அடைக்கும் தகட்டை, காட்டினார். “இத வச்சிக்கினு கண்ணாடிய மூடி ஓட்டாதீங்கக்கா. உள்ள பொக வந்து ஆளையே கொன்னுடும்.”

தம்பி பிறந்தபோது எனக்கு ஒன்பது வயது. பிரசவமான அம்மாவையும் தம்பியையும் காஞ்சிபுரத்திலிருந்து உத்திரமேரூருக்கு நைனாதான் எங்கள் பழைய காரில் ஓட்டிவந்தார். வழியெல்லாம் என்ஜின் டப்டப்பென்று அடித்தது. “பச்ச ஒடம்பு, காத்து படக்கூடாது” என்று எல்லாக் கண்ணாடியையும் ஏற்றச் சொன்னார். புகை நாற்றத்தில் எனக்குக் குமட்டியது. என் பக்கம் மட்டும் விரலளவு இறக்கினேன்.

வீடு சேர்ந்தபோது தம்பி அசையவில்லை.

“உன்னாலதான்டி காத்து பட்டு பூட்டான்” என்றாள் அம்மா. சாகும்வரை அதையே சொன்னாள். தம்பியைப் புதைத்த மறுநாள் விடிந்ததும் நைனா பானெட்டைத் திறந்து, இதே மாதிரி ஒரு புது கேஸ்கெட்டை மாட்டினார்.